காப்பிரிக்கு ஒரு சுருட்டு

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் சுருட்டுப் பிடிக்கிற ஆள் யாரும் கிடையாது. அப்பாவுக்குப் பொடி மட்டும்தான். ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறையாவது ஆச்சி என் கையில் காசைத் திணித்து, "மங்காட்டு முக்குல ஒரு சுருட்டு வாங்கியாலே" என்பாள். வாங்கி வந்ததும் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்புவாள். நான் பின்னாலேயே போவேன்.

மதிலோரமாக ஒரு சின்ன மேடை. மெழுகுவத்தி, அவித்த முட்டை, புட்டு, சில நாள் ஒரு குப்பி கள்ளு. ஆச்சி சுருட்டைப் பற்றவைத்து அங்கே வைத்துவிட்டு, தொலைந்துபோன தன் மூக்குத்தியைப் பற்றி முறையிடுவாள். தென்காசியிலிருந்து வாழ வந்த சைவ வீட்டுக் கிழவி, முட்டைக்கும் கள்ளுக்கும் நடுவில் கண்ணை மூடி நிற்பாள். வீட்டில் வெங்காயம் நறுக்கக்கூட நாள் பார்க்கிறவள்.

மேடையில் இருப்பவர் காப்பிரி முத்தப்பன். போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டுவந்த அடிமை. 1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் கொச்சிக் கோட்டையைப் பிடித்தார்கள். ஓட வேண்டிய அவசரத்தில் போர்த்துக்கீசியர் தம் பொன்னையும் வெள்ளியையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். காவலுக்கு ஆள் வேண்டுமே? அடிமைகளைக் கொன்று கூடவே புதைத்துவிட்டார்கள் என்பது ஊர்க்கதை. இப்படிச் செத்தவன் ஊரைப் பழிவாங்கியிருக்க வேண்டும். முத்தப்பனோ மதில்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு, வழி தவறியவனுக்கு வழி காட்டுவார், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பார் என்றார்கள். காப்பிரி என்பது பெயரும் அல்ல. காஃபிர் என்ற அரபுச் சொல் போர்த்துக்கீசிய வாயில் புகுந்து வந்த வசவு. அம்மா வைத்த பெயர் என்ன என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆச்சிக்கு மூக்குத்தி கிடைத்தால் போதும்.

பள்ளிக்கூடத்தில் அந்தக் கண்டத்துக்கு வேறு பெயர்: இருண்ட கண்டம். பூகோள வாத்தியார் சிங்கத்தையும் சகாராவையும் அரை மணியில் முடித்துவிட்டு ஐரோப்பாவுக்குப் போய்விடுவார். அங்கே நதிக்கு நதி பெயர் எழுத வேண்டும். 1960 என்ற ஒரே ஆண்டில் பதினேழு ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை அடைந்திருந்தன. எங்கள் அட்லஸுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. எனக்கு எட்டியது தபால்தலைகளால்தான். கானா, டாங்கனிகா, டஹோமே. டஹோமே தலை ஒன்றுக்காக நான் இரண்டு ஜப்பானையும் ஒரு ஹங்கேரியையும் கொடுத்தேன். நல்ல பேரம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பா பஜார் ரோட்டில் ஒரு மலஞ்சரக்குப் பாண்டிகசாலையில் கணக்கப்பிள்ளை. சாயங்காலம் அவருக்குக் காப்பி கொண்டுபோனால், சுக்கும் மிளகும் ஏலமும் மூக்கில் ஏறிச் சட்டையோடு வீட்டுக்கு வந்து சேரும். பம்பாய் வழியாக வரும் கிராம்புச் சாக்குக்கு மட்டும் தனி மரியாதை. சுமட்டுக்காரர்களின் மூப்பனான இக்கா ஒரு கிராம்பை எடுத்து நகத்தால் கீறி என் மூக்கருகே நீட்டுவார். "ஆப்பிரிக்கா மணம், மோனே." சாக்கு மடகாஸ்கரிலிருந்து வந்தாலும் கொமொரோவிலிருந்து வந்தாலும் எங்கள் பாண்டிகசாலைக்கு எல்லாம் ஜான்சிபார்தான்.

ஜான்சிபார் பேச்சு வந்தால் அப்பாவுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1937இல் அங்கே அரசு கிராம்பு வியாபாரத்தை ஒரே சங்கத்தின் கையில் கொடுக்கப்போய், இந்திய வியாபாரிகளின் பிழைப்புக்கு இடைஞ்சல் வந்தது. இங்கே காங்கிரஸ் ஜான்சிபார் கிராம்பைப் பகிஷ்கரித்தது. அடுத்த வருஷமே சமரசம். "பாத்தியா, ஒரு தாம்பூலத்துல கிராம்பு வைக்காமயே ஒரு சர்க்காரை வழிக்குக் கொண்டுவந்தோம்" என்பார். மரமேறிக் கிராம்பு பறித்தவன் அந்த வருஷம் என்ன சாப்பிட்டான் என்பது அப்பாவின் கதையில் வராது.

அந்தக் காலத்தில் நாம் அண்ணன், ஆப்பிரிக்கர்கள் தம்பி. ரேடியோச் செய்தியைக் கேட்டால் அப்படித்தான் படும். தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை 1946இலேயே ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது நாம்தான், வியாபாரத்தை முறித்ததும் நாம்தான். அது பொய்யில்லை, பெருமைப்பட வேண்டியதும்கூட. பிற்பாடு நான் வாங்கிய பாஸ்போர்ட்டிலும் தென்னாப்பிரிக்கா தவிர்த்து என்றுதான் இருந்தது. மஸ்கட்டைத் தாண்ட வக்கில்லாத எனக்கு அந்த ஒரு வரி பெரிய ஆறுதல். அரசாங்கமே தடுத்ததால்தான் கேப்டவுனுக்குப் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நிறவெறியை எதிர்த்து ஊர்வலம் போன எங்கள் தெருவிலேயே, கறுத்துப் பிறந்த பெண் குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அதை எந்தச் சபைக்கும் யாரும் கொண்டுபோகவில்லை.

2023 செப்டம்பர் 9. ஜூதத்தெருவுக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தில்லியில் ஜி20 மாநாடு. ஐம்பத்தைந்து நாடுகள் கொண்ட ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராகச் சேர்த்திருப்பதாகப் பிரதமர் அறிவித்தார். வெளியுறவு அமைச்சர் எழுந்துபோய் ஒன்றியத்தின் தலைவரை அழைத்து வந்தார். பிரதமர் கட்டித் தழுவினார், நாற்காலி தயாராக இருந்தது. வந்தவர் அசாலி அசுமானி, கொமொரோ நாட்டின் அதிபர். பத்து லட்சம் பேர்கூட இல்லாத தீவுக்கூட்டம். எங்கள் பாண்டிகசாலை தனிப் பெயர் சொல்லக்கூட மெனக்கெடாத அதே கொமொரோ. கிராம்புச் சாக்கு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்ததுபோல எனக்கு ஒரு திடுக்கிடல். இக்கா இருந்திருந்தால் தொலைக்காட்சியை மோந்து பார்த்திருப்பார்.

இப்போது அந்தக் கண்டத்தைத்தான் எல்லோரும் மாநாடு என்ற விருந்துக்கு அழைக்கிறார்கள். ஜப்பான் 1993இலேயே பந்தி விரித்தது. சீனா 2000இல், நாம் 2008இல். பிறகு அமெரிக்கா, ரஷ்யா. 2015இல் தில்லியில் நாம் வைத்த விருந்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்டுத் தலைவர்கள் வந்தார்கள். ஆப்பிரிக்காவில் புதிதாகப் பதினெட்டுத் தூதரகங்கள் திறப்பதாக 2018இல் சொன்னோம். ஐ.நா. பொதுச்சபையில் ஐம்பத்து நான்கு வாக்கு அவர்களுடையது, நாலில் ஒரு பங்கைவிடக் கூடுதல். உக்ரைன் விஷயத்தில் 2022 மார்ச் 2 அன்று ரஷ்யாவைக் கண்டித்து வாக்கெடுத்தபோது பதினேழு ஆப்பிரிக்க நாடுகள் யார் பக்கமும் சேராமல் இருந்துகொண்டன. மேற்கத்தியத் தலைநகரங்களுக்கு ஒரே அதிர்ச்சி. நாமும் அன்றைக்கு அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம், அண்ணன் என்ற நினைப்பில்லாமல். 2025 நவம்பரில் ஜொஹானஸ்பர்க்கில் ஜி20 கூடியது, ஆப்பிரிக்க மண்ணில் முதல் தடவையாக. அமெரிக்கா புறக்கணித்தது. பந்தி நடந்தது.

விருந்து வைப்பவர்களின் கையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எனக்கு ஆச்சி நினைவுதான் வருகிறது. முந்தானைக்குள் சுருட்டு. உலகத்துக் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவின் மண்ணுக்கடியில். நம் கைபேசியின் பேட்டரிக்கு அது வேண்டும். புதையலைக் காப்பவனுக்குப் புகை காட்டி, முட்டை படைத்து, தலையைச் சொறிந்துகொண்டே எங்கே தோண்டலாம் என்று கேட்கிறார்கள். ஒரே வித்தியாசம், முத்தப்பன் இப்போது வாயைத் திறந்து விலை சொல்கிறார். 2025 பிப்ரவரியில் காங்கோ, கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்திவைத்துவிட்டு, பிற்பாடு பங்கு வைத்து அளந்து கொடுக்கத் தொடங்கியது.

விலை சொன்னால் எங்கள் பக்கத்திலும் வலிக்கிறது. கொல்லத்தில் முந்திரி ஆலை வைத்திருந்த என் மைத்துனர் வாரம் ஒருமுறை போனில் புலம்புவார். தோட்டண்டி, அதாவது உடைக்காத முந்திரிக்கொட்டை, கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கட்டுப்படியாவதில்லை. ஆப்பிரிக்காவில் விளையும், கப்பலில் வரும், கொல்லத்துப் பெண்கள் வறுத்து உடைத்துத் தோலுரிப்பார்கள், பருப்பாக்கி வெளிநாட்டுக்கு விற்போம் என்பதுதான் பல காலமாக ஏற்பாடு. இப்போது அங்கேயே உடைத்துக்கொள்கிறார்களாம். பெனின் நாடு 2024 ஏப்ரல் முதல் உடைக்காத கொட்டையை வெளியே அனுப்புவதில்லை என்று தடைபோட்டது. "நம்ம வயித்துல அடிக்கறானுவ அத்தான்" என்றார். பெனின் என்பது எனக்கு வேறு யாருமல்ல. 1975 வரை அதன் பெயர் டஹோமே. இரண்டு ஜப்பானும் ஒரு ஹங்கேரியும். அது நல்ல பேரம்தான் என்று இப்போது மைத்துனரிடம் சொல்ல முடியாது. முந்திரிக்கும் பூர்வீகம் இங்கே இல்லை, பிரேசில். நமக்கும் மொசாம்பிக்குக்கும் கொண்டுவந்து இறக்கியவர்கள் அதே போர்த்துக்கீசியர். மலையாளத்தில் பறங்கியண்டி என்று ஒரு பெயர் இன்னும் இருக்கிறது.

ஆனால் எல்லாம் வியாபாரம் என்று சொல்லிவிடவும் முடியாது. கென்யாவின் முன்னாள் பிரதமர் ராய்லா ஒடிங்கா தம் மகளின் கண்பார்வைக்காக எங்கள் எர்ணாகுளம் மாவட்டத்துக் கூத்தாட்டுக்குளத்துக்கு ஆயுர்வேத வைத்தியம் தேடி வந்தார். பார்வை தேறியதை நம் பிரதமர் 2022இல் தம் வானொலி உரையில் சொன்னார். 2025 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத்தின் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு, ஜிபூட்டிக்காரர் மஹ்மூத் அலி யூசுஃபிடம் ஒடிங்கா தோற்றார். அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று கூத்தாட்டுக்குளத்தில் காலை நடைக்குப் போனவர் சரிந்து விழுந்து இறந்தார். வயது எண்பது. நைரோபி விமான நிலையத்தில் ஜனங்கள் வெள்ளமாகத் திரண்டதைப் பார்த்தபோதுதான், யார் நம் ரப்பர் தோட்டத்து ரோட்டில் நடந்துகொண்டிருந்தார் என்பது எங்களில் பலருக்கு விளங்கியது. ஒரு தலைமுறைக்கு முன்னால் அவரை அந்த ரோட்டில் பார்த்திருந்தால் நாங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்போம் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

2018 கொச்சி பியென்னாலே கலைக் கண்காட்சியில், ஆஸ்பின்வால் மாளிகையில் சட்டைகளும் துணிகளுமாகக் கொடியில் தொங்கவிட்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்கக் கலைஞர் சூ வில்லியம்சனின் படைப்பு. எட்ட நின்று பார்த்தபோது எங்கள் ஊர் ‘வெளி’ பகுதியிலுள்ள தோபிகானாவின் காட்சி என்று நினைத்தேன். டச்சுச் சிப்பாய்களின் துணி வெளுக்கக் கொண்டுவந்தவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் தமிழர்கள் இன்றும் அங்கே துவைத்துக் காயப்போடுகிறார்கள். கிட்டே போனால் ஒவ்வொரு துணியிலும் மையால் ஒரு பெயர், வயது, விற்றவன், வாங்கியவன், விலை. டச்சுக் கம்பெனி இந்தியாவிலிருந்து கேப்டவுனுக்குக் கொண்டுபோய் விற்ற அடிமைகள், மொத்தம் 119 கிரயச் சீட்டு. கொச்சிக் கரையிலிருந்தும் ஆட்கள் அப்படிப் போயிருக்கிறார்கள். காப்பிரிகள் இங்கே வந்து இறங்கிய காலத்துக்குப் பின்னால், எங்கள் ஆட்கள் அங்கே போய் இறங்கியிருக்கிறார்கள். அந்த ஊரில் எந்த மதிலில் உட்கார்ந்திருக்கிறார்களோ, யார் சுருட்டு வைக்கிறார்களோ. பாஸ்போர்ட்டில் தடை போட்டதால் கேப்டவுன் போகவில்லை என்று சொல்லித் திரிந்தவன் நான்.

போன மாதம் மங்காட்டு முக்குக்குப் போனேன். கடையில் சுருட்டு இல்லை. "சுருட்டு இப்போ எங்கே சேட்டா? எல்லாரும் முத்தப்பனுக்கு சிகரெட்தான்" என்றான் பையன். "ஃபில்ட்டர் போதுமோ?"

வாங்கிப் பற்றவைத்து மேடையில் வைத்தேன். ஆச்சியின் மூக்குத்தி கடைசிவரை கிடைக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்கலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள், முதுகில் பையோடு நின்றிருந்த ஒரு பெண் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், ஒண்ணு மாறுமோ?" என்றாள். புகை படத்தில் நன்றாக விழ வேண்டுமாம். நகர்ந்துகொண்டேன்.