கடல் பார்த்த வீடு விற்பனைக்கு

தரங்கம்பாடியில் வீடு விற்பது புதிய தொழில் இல்லை. 1845 பிப்ரவரியில் ஊரையே விற்றார்கள். விற்றவர் டென்மார்க் அரசர், வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. விலை 12.5 லட்சம் ரூபாய். கோட்டை, மதில், தெருக்கள், கடற்கரை எல்லாம் அடக்கம். போதாக்குறைக்குக் கல்கத்தா பக்கம் இருந்த செராம்பூரையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். மாசி மாதத்தில் ஆடித் தள்ளுபடி. இன்று அந்தக் காசுக்கு எங்கள் தெருவில் ஒரு திண்ணையும் அதை ஒட்டிய நடையும் கிடைக்கலாம், அதுவும் வாரிசுகள் ஒத்துக்கொண்டால்.

எங்கள் வீட்டு வாரிசுகள் சென்னையில், பெங்களூரில், டொராண்டோவில், கும்பகோணத்தில் என்று பரவியிருக்கிறார்கள். ஊரில் இருப்பது நான் மட்டும். அதனால் சாவி என்னிடம், வரி என்னிடம், மழைக்காலத்து ஒழுகல் என்னிடம். பங்கு மட்டும் எல்லோரிடமும். "அந்த வீட்ட வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம், வித்துடலாம்" என்று சித்தப்பா தொடங்கிவைத்த பேச்சு பல தீபாவளிகளைப் பார்த்துவிட்டது. விற்பனைப் பிரிவுக்கும் நானே பொறுப்பு என்பது பேசாமலே முடிவானது.

தரகர் அண்ணன் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாடிக்குப் போனார், மொட்டை மாடிக்குப் போனார், அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார். இரண்டு தெரு தாண்டி, ஒரு வேப்பமரத்துக்கும் ஒரு செல்போன் கோபுரத்துக்கும் நடுவில் நீலமாக ஒரு கீற்று தெரிந்தது. கீழே இறங்கி வந்து நோட்டில் எழுதிக்கொண்டார்: "கடல் பார்த்த வீடு."

அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆட்களைத் தை, மாசியில்தான் அழைத்துவருவார், அதுவும் மாலை ஐந்து மணிக்குமேல். ஐப்பசியில் அவரைக் கண்ணிலேயே காண முடியாது. வாஸ்து பார்க்கிறவர் வந்தால், "ஈசானியத்துல தண்ணி இருந்தா விசேஷம்பாங்க. உங்களுக்கு வங்காள விரிகுடாவே கெடக்கு சார்" என்பார். உடம்புக்கு முடியாதவர் வந்தால் ஓசோன் காற்று. தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம் என்று ஊரில் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஓசோன் நல்லது, மூக்குக்கு நேரே வந்தால் நுரையீரலுக்கு ஆகாது என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "தம்பி, யாவாரத்துல குறுக்க பேசாதீங்க" என்றார்.

முதலீடு செய்ய வந்தவரிடம் ரயிலை எடுப்பார். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் ரயில் வந்தது, 1986இல் நின்றது. நின்ற நாளிலிருந்து, "திரும்ப வரப்போகுது" என்ற பேச்சு ஒரு நாள்கூட நின்றதில்லை. மனை விலையில் அந்த ரயில் ஏற்கெனவே பலமுறை வந்து போய்விட்டது. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து நாங்கள் பிரிந்தோம். வீடு இருந்த இடத்திலேயேதான் இருந்தது, தரகர் சொன்ன விலை மட்டும் நகர்ந்தது.

வாங்க வருகிறவர்களில் பலர் நல்லவர்கள். திண்ணையைத் தடவிப் பார்ப்பார்கள், மரத்தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், முற்றத்தில் நின்று அண்ணாந்து "வாவ்" என்பார்கள். பிறகு முற்றத்தை மூடிவிடலாமா என்று கேட்பார்கள். சென்னையிலிருந்து வந்த கணினித்துறைத் தம்பதி ஒரு படமே வரைந்து கொண்டுவந்தார்கள். கிழக்குச் சுவரை இடித்து முழுக்கக் கண்ணாடி, மேலே இன்னும் இரண்டு மாடி, கொல்லையில் நீச்சல் குளம். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி நீச்சல் குளம் எதற்கு என்று கேட்டேன். "கடல்ல உப்பு அங்கிள்" என்றது அந்தப் பெண்.

அவர்களுடைய ஆசைக்குக் குறுக்கே வந்தது நான் இல்லை. 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டடம் எழுப்ப அதன் அனுமதி வேண்டும். நெருங்க நெருங்க விதியும் இறுகும். பழைய தரங்கம்பாடியின் பெரும்பகுதி அந்த 500 மீட்டருக்குள்தான் கிடக்கிறது. பழையதைப் பழுது பார்க்கலாம், நினைத்தபடி புதிதாகக் கிளப்ப முடியாது. இதைக் கேட்டதும் தம்பதியின் முகம் வாடிவிட்டது. தரகர் என்னைப் பார்த்த பார்வையில் கமிஷன் இரு பக்கமும் இரண்டிரண்டு சதவீதம் கரைந்துகொண்டிருந்தது.

விதியைத் தாண்டி வந்தவர்களைப் பத்திரம் நிறுத்தியது. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இந்த இடத்தை டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தபோது அவர்களுடைய அரசருக்குப் பொன் தகட்டில் தமிழில் கடிதம் எழுதி அனுப்பினார். கையெழுத்து மட்டும் தெலுங்கில். அது இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் தாத்தாவின் மூலப்பத்திரமும் பத்திரமாகத்தான் இருக்கிறது, கரையான் விட்டுவைத்த வரைக்கும். அதில் நான்கெல்லை சொல்லும் இடம் இப்படிப் போகிறது: இன்னார் தென்னைக்கு வடக்கு, இன்னார் கொல்லைக்குத் தெற்கு. தென்னையும் இல்லை, இன்னாரும் இல்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில். ஆக, அரசாங்கக் கணக்கில் எங்கள் வீட்டில் முறையாகக் குடியிருக்கும் ஒரே ஆள், காலமாகி வெகுகாலமான அவர்தான். வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, டொராண்டோவிலிருந்து ஒரு பவர், கும்பகோணத்து அத்தையின் மனமாற்றம் எல்லாம் கூடிவந்தால் பத்திரப் பதிவுக்குப் போகலாம். அங்கே முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்தக் கணக்கில் 1845இல் கம்பெனிக்காரன் 1,12,500 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். தப்பித்தான்.

கடற்கரையோரத்து மனை ஒன்றின் பழைய பத்திரத்தையும் தரகர் ஒருநாள் காட்டினார். அதில் எல்லை இன்னும் சுலபம்: "சமுத்திரத்துக்கு மேற்கு." எழுதியவர் சமுத்திரம் எழுதிய இடத்திலேயே நிற்கும் என்று நம்பியிருக்கிறார். மாசிலாமணிநாதர் கோயிலைப் போய்ப் பார்த்தால் அந்த நம்பிக்கை போய்விடும். குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்த கோயில். ஊரைச் சடங்கன்பாடி என்று குறிக்கும் கல்வெட்டே அங்கே இருந்தது. அரசன் கொடுத்த இடம், கல்லில் வெட்டிய சாசனம், குடியிருந்தவரோ சிவபெருமான். இதைவிட வில்லங்கமில்லாத சொத்து உண்டா? அதையே கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்காவுக்கு இந்தக் கடல் பார்த்த வீட்டு வியாபாரம் புரிவதே இல்லை. "பாக்குறதுக்கா இம்புட்டுக் காசு குடுக்குறாங்க? விடியக்காலம் மூணு மணிக்கு வரச் சொல்லுங்க தம்பி, எங்க வீட்டுக்காரரு ஃபைபர்ல ஏத்திக்கிட்டுப் போயி நடுக்கடலையே காட்டுவாரு." அக்கா இப்போது இருப்பது கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில். 2004 டிசம்பரில் கரையோரத்து வீடுகளை வாரிக்கொண்டு போன அலை பலருடைய பிள்ளைகளையும் கொண்டுபோயிற்று. அதைப் பற்றி அக்கா பேச மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். அவர்கள் உள்ளே வந்தார்கள். சில வருடம் போனதும் வெளியூர்க்காரர்கள் கரையோரத்தில் மனை விசாரிக்கத் தொடங்கினார்கள். கடலை அறிந்தவன் தள்ளிப் போகிறான், அறியாதவன் கூடுதல் விலை கொடுத்து நெருங்கி வருகிறான். சந்தை என்பது இதுதான் போலிருக்கிறது.

வாங்கிவிட்டால் அடுத்த பாடம் உப்பு. விளம்பரத்தில் கடல் காற்று என்று வரும். அந்தக் காற்று வெறுங்கையோடு வருவதில்லை. சமையலறையில் உப்பு ஜாடி தானாகத் தண்ணீர் விடும். பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் தொய்ந்து, போன வாரத்து விரோதி மாதிரி நம்மைப் பார்க்கும். தீக்குச்சி பற்றாது. தோய்த்த வேட்டி காயாது, காய்ந்ததும் மொடமொடவென்று நிற்கும். கேட்டுக் கொக்கியில் தொடங்கும் துரு, மிதிவண்டிச் சங்கிலி, ஃபேன், ஃபிரிஜ் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூரைக் கம்பிக்குப் போகும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட் வெடிக்கும். நேற்றுக் கட்டிய தளம் நாற்பது வருஷத் தளம் போலத் தலைமேல் உதிர்வது அதனால்தான்.

எங்கள் வீடு தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அதில் கம்பியே இல்லாததுதான். செங்கல், சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், மேலே தேக்கு உத்தரத்தில் மெட்ராஸ் டெரஸ். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வாங்கியதைத் திரும்ப வெளியே விடும். நடுவில் அப்பா ஒருமுறை, உறுதியாக இருக்கட்டும் என்று தெற்குச் சுவருக்கு மட்டும் சிமென்ட் பூசினார். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சுவரைப் பொடியாக்கி, சிமென்டை ஏடு ஏடாகத் தள்ளியது. சுனாமிக்குப் பின் இன்டாக் அமைப்பினர் ஊரில் சில பழைய வீடுகளைச் செப்பனிட்டபோது சுண்ணாம்பையே கையில் எடுத்தார்கள். அன்றைக்கு அதை வேடிக்கை பார்த்த ஊர்ப் பெரியவர், "காச வச்சுக்கிட்டு சிமென்டுக்கு வழியில்லாம சுண்ணாம்பு அடிக்கிறானுவ பாரு" என்றார். பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்.

இவ்வளவு தொல்லைக்கும் நடுவில் வீட்டை அனுபவிப்பவர்கள் இருக்கிறார்கள். வாரிசுகள். ஏப்ரல் கடைசியில் வரத் தொடங்குவார்கள். முதல்நாள் இரவு, "காலைல சூரிய உதயம் பாக்கணும், எழுப்பி விடு" என்று உத்தரவு. எழுப்பினால் போர்வைக்குள்ளிருந்து, "நாளைக்கும் உதிக்கும்ல?" என்று பதில். எட்டு மணிக்கு எல்லோரும் கடற்கரைக்குப் போவார்கள். டேனிஷ் கோட்டை முன்னால் ஒரு படம், கடலில் கால் நனைத்து ஒரு படம். பத்து நிமிடத்தில் கடல் முடிந்துவிடும். பிறகு யாருடைய போனில் சிக்னல் வருகிறது என்ற ஆராய்ச்சி. டொராண்டோ அத்தான் மட்டும், "வாட் எ ப்ரீஸ்" என்று திண்ணையிலேயே படுத்து, கொசு வந்ததும் ஏசி அறைக்குள் போய்விடுவார்.

சாப்பாடுதான் பெரிய பிரச்சினை. கடற்கரை ஊருக்கு வந்தவர்கள் கேட்பது வஞ்சிரமும் இறாலும் நண்டும். அவர்கள் வருவதோ மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும். கரையோரமாக ஃபைபர் படகில் போய்ப் பிடித்துவரும் கொஞ்சம் மீனுக்கு விலை சொன்னால், நிலத்தின் விலை பரவாயில்லை என்று தோன்றும். இதை எத்தனை முறை விளக்கினாலும் சித்தி நம்புவதில்லை. "கடல எதிர்ல வச்சுக்கிட்டு ஐஸ் மீன் போடுறான் பாரு" என்று சென்னைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். பரிமாறியது ஐஸ் மீன்கூட இல்லை, கத்திரிக்காய்க் காரக்குழம்பு.

இந்த வருடம் தை பிறந்ததும் ஒரு நல்ல ஆள் வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. கண்ணாடிச் சுவர் கேட்கவில்லை, நீச்சல் குளம் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறமாட்டேன், முழங்கால் வலி என்றார். அது தரகருக்கே நிம்மதி. விலையும் ஏறக்குறைய படிந்தது. குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். மாசியில் கும்பகோணத்து அத்தைகூட உயர்த்தினார். வாரிசுச் சான்றுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தபோது பெங்களூர்க்காரன் கேட்டான்: "அப்ப மே லீவுக்குப் பசங்கள எங்க கூட்டிட்டுப் போறது?" குழுவில் அன்று முழுவதும் யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள், "அவசரம் ஒண்ணும் இல்லையே" என்றார் அத்தை. "இந்த ஒரு மே மட்டும் போகட்டும்" என்றார் டொராண்டோ அத்தான், டிக்கெட் போட்டாயிற்றாம். அதிகாரியிடம் எதையோ சொல்லி ஜூன்வரை தள்ளிவைத்தேன். அவரும் பொறுமைசாலி.

ராத்திரி சித்தப்பா தனியாகப் போன் செய்தார். விற்பதில் அவருக்கு மாற்றுக்கருத்தே கிடையாது, ஆரம்பித்தவரே அவர்தானே.

"வித்துடலாம்டா, வேண்டாங்கல. அந்த ஆபீசர்கிட்ட ஒரே ஒரு கண்டிஷன் மட்டும் போட்டுரு. வருசா வருசம் மே மாசம் மாடி ரூமு நமக்கு. பத்திரத்துலயே எழுதிக்கலாமான்னு எழுத்தரக் கேட்டு வையி."

பொறையாரில் எழுத்தரைப் பார்த்துக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"எழுதலாமே தம்பி. மீனும் அவங்களே வாங்கித் தரணும்னு சேத்துடவா?"