தொலைத்தவர்களுக்குப் பொன்னாடை

239 பேரோடு கிளம்பிய ஒரு விமானத்தைத் தொலைத்துவிட்டு, ‘மர்மம்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது லேசுப்பட்ட காரியம் அல்ல. அதற்குத் தனித் திறமை வேண்டும். தனி ஒருவரால் ஆகிற வேலையும் இல்லை. ஊர் கூடி இழுத்த தேர் அது. அப்படிப்பட்டவர்களுக்கு இதுவரை யாரும் ஒரு பாராட்டு விழாகூட எடுக்கவில்லை என்பது நன்றிகெட்டதனம். அந்தக் குறையை இந்தப் பக்கத்தில் தீர்த்துவைப்போம்.

முதல் பொன்னாடை விமானக் கட்டுப்பாட்டு அறைகளுக்கு. 2014 மார்ச் 8, அதிகாலை 1.19. கோலாலம்பூரிலிருந்து பீஜிங் போய்க்கொண்டிருந்த எம்.எச்.370, மலேசியக் கட்டுப்பாட்டு அறைக்கு ‘குட்நைட்’ சொன்னது. 1.21-க்கு ராடார் திரையிலிருந்து காணாமல் போனது. அடுத்து அதைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டியது வியட்நாமின் ஹோ சி மின் நகர அறை. வர வேண்டிய விமானம் ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் கேட்க வேண்டும் என்பது இரு அறைகளுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். அவர்கள் கேட்டது 1.39-க்கு. கேட்ட பிறகும் கோலாலம்பூர் பதறிவிடவில்லை. தேடல், மீட்பு மையத்தைத் தட்டி எழுப்பியபோது மணி 5.30. இன்னும் ஒரு மணி நேரத்தில் பீஜிங்கில் இறங்க வேண்டிய விமானம் அது. நான்கு மணி நேரம் நிதானம் இழக்காமல் இருந்த இவர்களுக்கு ‘பொறுமையின் சிகரம்’ என்ற பட்டம்.

இரண்டாவது, மலேசியா ஏர்லைன்ஸின் இயக்கப் பிரிவுக்கு. “விமானம் எங்கே?” என்று கேட்டதற்கு இவர்கள் திரையைப் பார்த்து, “கம்போடியா வானத்தில் இருக்கிறது” என்றார்கள். அந்த விமானத்தின் பாதையில் கம்போடியாவே கிடையாது. 3.30-க்குத்தான் உண்மை வெளியே வந்தது: விமானம் இருக்கும் இடத்தைத் திரை காட்டவில்லை, கணக்குப்படி இந்நேரம் இங்கே இருக்க வேண்டும் என்று ஊகித்துக் காட்டியிருக்கிறது. சரி, விமானிக்கு சாட்டிலைட் போனில் கூப்பிட்டார்களா? கூப்பிட்டார்கள். 2.39-க்கு ஒருமுறை. அதற்கடுத்து 7.13-க்கு. நாலரை மணி நேரத்தில் இரண்டே அழைப்பு. போன் பில் எகிறிவிடுமோ என்று பயந்தார்களோ என்னவோ! இவர்களுக்கு ‘திரிகால ஞானி’.

மூன்றாவது, மலேசிய ராணுவ ராடாருக்கு. விமானம் இடப்பக்கம் திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குப் பக்கம் வளைந்து, மலாக்கா நீரிணைக்கு மேல் போனதை அது 2.22 வரை பதிவு செய்திருக்கிறது. ஒரு ஜெட்டும் மேலே கிளம்பவில்லை. காரணம், அது பகை விமானம்போலத் தெரியவில்லையாம். அப்போது பாதுகாப்பு அமைச்சர் ஹிஷாமுதீன் ஹுசைன். தற்காலிகப் போக்குவரத்து அமைச்சரும் அவரேதான். தொலைத்த துறைக்கும் பார்த்த துறைக்கும் ஒரே அமைச்சர்! சுட்டு வீழ்த்தப் போவதில்லை என்றால் போர் விமானத்தை அனுப்பி என்ன பயன் என்று ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியிடம் அவர் திருப்பிக் கேட்டார். கூடவே பறந்து எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்பது ஒரு பாதுகாப்பு அமைச்சருக்குத் தோன்றவில்லை. விமானம் மேற்கே போயிருக்க, கிழக்கே தென்சீனக் கடலைத் துழாவுவதை நிறுத்த மார்ச் 15-ஆம் தேதி ஆயிற்று. ‘சமாதானப் புறா’ பட்டத்தை அமைச்சரும் ராடாரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

நான்காவது, பராமரிப்புப் பிரிவுக்கு. கறுப்புப் பெட்டியில் ஒரு சின்னக் கருவி உண்டு. தண்ணீருக்குள் மூழ்கினால் ‘இங்கே இருக்கிறேன்’ என்று சுமார் 30 நாள் ஒலி எழுப்பும். எம்.எச்.370-இல் விமானத் தரவுப் பதிவுப் பெட்டியோடு இருந்த அந்தக் கருவியின் பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதி. கணினியில் விவரத்தைப் புதுப்பிக்காமல் விட்டதால் மாற்றும் தேதி யார் கண்ணிலும் படவில்லையாம். அதோடு 15 மாதம் பயணிகளை ஏற்றிப் பறக்கவிட்டார்கள். ‘காலாவதித் திலகம்’!

அந்த நாட்களில் ஒரு மலாய் மந்திரவாதி கோலாலம்பூர் விமான நிலையத்துக்கே வந்து, இரண்டு தேங்காயும் மூங்கில் பைனாகுலருமாக உட்கார்ந்து விமானத்தைத் தேடினார். உலகமே கைகொட்டிச் சிரித்தது. எனக்கு மட்டும் அவர்மேல் கோபம் வரவில்லை. மூங்கிலில் பார்த்தவருக்கும் கம்போடியாவில் பார்த்தவர்களுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இவர் சம்பளத்துக்குப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவின் சி.என்.என். தொலைக்காட்சியோ விமானத்தைக் கருந்துளை விழுங்கியிருக்குமோ என்றுகூட விவாதித்தது. அதற்குத் தேங்காய் எவ்வளவோ மேல்.

விழா இதோடு போதும். இனிச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 24-ஆம் தேதி, யாரும் உயிர் பிழைக்கவில்லை என்ற செய்தி உறவினர்களில் பலருக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் போனது. பெற்ற பிள்ளை செத்ததைக் குறுஞ்செய்தியில் சொல்லும் துணிச்சல் எந்த மனிதனுக்கு வரும்? அடுத்த ஆண்டு விமான நிறுவனமே சட்டை மாற்றிக்கொண்டது. 2015-இல் தனிச் சட்டம் போட்டுப் பழைய நிறுவனத்தின் சொத்துகளைப் புது நிறுவனத்துக்கு மாற்றினார்கள். விமானங்கள் புதியதற்கு, வழக்குகள் பழையதற்கா என்று குடும்பங்களின் வழக்கறிஞர்கள் கொதித்தார்கள்.

தேடியது யார், கண்டெடுத்தது யார் என்று பாருங்கள். அரசுகள் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துருவி, 2017 ஜனவரியில் வெறுங்கையோடு மூட்டை கட்டின. விமானத்தின் இறக்கைப் பகுதி 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் கரை ஒதுங்கியது; கண்டெடுத்தவர் கடற்கரையைச் சுத்தம் செய்கிற தொழிலாளி. மொசாம்பிக் கரையில் இன்னொரு துண்டைப் பொறுக்கியவர் விடுமுறைக்கு வந்த தென்னாப்பிரிக்க இளைஞன். வேறொன்றை எடுத்தவர் சொந்தக் காசில் அலைந்த ஓர் அமெரிக்க வழக்கறிஞர்.

இதெல்லாம் எதிர்பாராத முதல் விபத்தா? அதுவும் இல்லை. 2009-இல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் 228 பேரோடு விழுந்தது. கறுப்புப் பெட்டிகளை எடுக்க இரண்டு ஆண்டு ஆனது. பெட்டியில் ஒலி எழுப்பும் கருவி 90 நாள் ஒலிக்கட்டும், விமானம் தன் இடத்தை அடிக்கடி அறிவிக்கட்டும் என்று பிரான்ஸின் விசாரணைக் குழு அப்போதே எழுதிக் கொடுத்தது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை விமானத்தின் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற உலக விதி அமலுக்கு வந்தது 2018 நவம்பரில். கையில் இருக்கும் போனை உணவு டெலிவரி நிறுவனம் தெருத் தெருவாகப் பின்தொடர்கிறது. 200 டன்னுக்கு மேல் எடையுள்ள விமானத்தைப் பின்தொடர உலகத்துக்கு ஒன்பது ஆண்டு யோசனை!

மலேசியாவைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் அருகதை இல்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப் படையின் ஏ.என்.-32, 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. இறந்ததாகக் கருதுகிறோம் என்று குடும்பங்களுக்குச் சொல்ல இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சிதைவுகளைக் கண்டதாக அறிவித்தது 2024 ஜனவரியில். சென்னையிலிருந்து 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில். ஏழரை ஆண்டு. சனிபகவான் கணக்கு தப்பவில்லை.

எம்.எச்.370-க்குக் ‘கிடைத்தால்தான் கூலி’ என்று ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தது. கூலி 7 கோடி டாலர். 2018-இல் தேடிக் கிடைக்கவில்லை. மீண்டும் தேடக் கொள்கையளவில் சம்மதம் என்று மலேசிய அரசு அறிவித்தது 2024 டிசம்பரில். கையெழுத்துப் போட்டது 2025 மார்ச் 25. ஏப்ரல் முதல் வாரம், இது சீசன் இல்லை என்று தேடலை நிறுத்தினார்கள். குற்றாலத்துக்குப் போகிறவன்கூடச் சாரல் எப்போது என்று விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான். தென் இந்தியப் பெருங்கடல் எந்த மாதம் கொந்தளிக்கும் என்பது டிசம்பரில் தெரியாதா?

2018 ஜூலையில் வந்த 495 பக்க விசாரணை அறிக்கை, விமானம் மறைந்த காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று முடிந்தது. மறுநாள் மலேசிய சிவில் விமானத் துறைத் தலைவர் ராஜினாமா செய்தார். தெரியாத அந்த ஒரு காரணத்தை நிழற்குடையாகப் பிடித்துக்கொண்டு, தெரிந்த அத்தனை காரணங்களும் வெயில் படாமல் நிற்கின்றன. அடுத்த முறை ‘விடை தெரியாத மர்மம்’ என்று ஒரு வீடியோ உங்கள் முன்னால் வந்தால், அதைத் தயாரித்தவரிடம் கேளுங்கள்: பேட்டரியை மாற்றாதது மர்மமா? இரண்டே முறை போன் செய்தது மர்மமா?

விமானம் ஏன் திரும்பியது என்ற விடை கடலுக்கு அடியில் கிடக்கிறது. நான்கு மணி நேரம் ஏன் யாரும் எழுப்பப்படவில்லை என்பதற்கான சாட்சியமோ அந்த அறிக்கையிலேயே அச்சாகியிருக்கிறது. அதைத் தேடக் கப்பல் வேண்டாம், படித்துப் பார்த்துப் பொறுப்பேற்க ஓர் அரசு போதும்.