ஐம்பத்தோரு கிலோவில் யார் பெரிய ஆள்?

இந்த வாரத் தபாலில் பாதி கிளியனூரிலிருந்து. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற வழியில் டீக்கு வண்டியை ஓரங்கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். குத்துச்சண்டை பற்றிய பேச்சு அங்கே முற்றிப்போய், ஊர் இரண்டு கட்சியாகி, இப்போது பஞ்சாயத்து பத்திரிகைக்கு வந்திருக்கிறது.

கேள்வி: ஃப்ளைவெயிட்டில் இந்தியாவின் தலைசிறந்த வீராங்கனை மேரி கோம்தானே? ஆறு முறை உலக சாம்பியன் ஆனவரை எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

பதில்: எடைமெஷினுக்கு வரும். ஆறு தங்கத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். 2002இல் வென்றது 45 கிலோ பிரிவில். 2005, 2006, 2008 மூன்றும் 46 கிலோ. 2010, 2018 இரண்டும் 48 கிலோ. ஃப்ளைவெயிட் என்பது 51 கிலோ, சுமாராக ஒரு சிமென்ட் மூட்டை. ஆறில் ஒன்றுகூட அந்த மூட்டையின் எடையை எட்டவில்லை. மேரி கோம் கட்சியினர் இந்த இடத்தில் ஒரு டீ சொல்லிக்கொள்வது நல்லது.

கேள்வி: அப்புறம் எதற்கு அவர் 51க்குப் போனார்?

பதில்: போகாவிட்டால் ஒலிம்பிக் கிடையாது. 2012 லண்டனில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அதிலும் மூன்றே பிரிவுகள்: 51, 60, 75. நாற்பத்தெட்டு கிலோக்காரர்களுக்கு அங்கே நாற்காலியே போடவில்லை. சாப்பிட்டு எடை ஏற்றி, தன்னைவிட உயரமானவர்களோடு மோதி, வெண்கலம் வாங்கினார். அரையிறுதியில் அவரை 11–6 என்று வென்ற பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸ் அந்தத் தங்கத்தோடு நிற்காமல் 2016 ரியோவிலும் தங்கம் வென்றார். உலகப் பெண்கள் ஃப்ளைவெயிட் என்று கேட்டிருந்தால் பதில் இந்த வரியிலேயே முடிந்திருக்கும்.

51இல் மேரி கோமின் கணக்கு இதோ: ஒலிம்பிக் வெண்கலம், 2010 ஆசிய விளையாட்டில் வெண்கலம், 2014 இஞ்சியோனில் தங்கம், 2019 உலகப் போட்டியில் வெண்கலம். யாருக்கும் பெருமை தரும் பட்டியல்தான். ஆனால் அந்த எடையில் உலக சாம்பியன் பட்டம் இல்லை.

கேள்வி: எதிர்க்கட்சி நிகத் ஜரீன் பேரைச் சொல்கிறது. மேரி கோமிடம் 1–9 என்று தோற்றவர் எப்படிப் பெரியவர் ஆவார்?

பதில்: 2019 டிசம்பரில் டெல்லியில் நடந்த தேர்வுப் போட்டி அது. தனக்கும் வாய்ப்பு வேண்டும் என்று விளையாட்டு அமைச்சருக்கே கடிதம் எழுதித்தான் நிகத் அந்த வளையத்துக்குள் வந்தார். வந்து, தோற்றார். முடிந்ததும் மேரி கோம் கை குலுக்கவில்லை. ஊரே ஸ்கோரை மறந்தாலும் அந்தக் கையை மறக்கவில்லை.

அன்றைக்கு ஒருவருக்கு வயது 37, இன்னொருவருக்கு 23. அன்று யார் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நாள் சண்டையை வைத்துக் காலம் முழுக்கத் தீர்ப்பு எழுதினால், மேரி கோமையும் நிக்கோலா ஆடம்ஸுக்குக் கீழே எழுதிவிட்டுப் போகவேண்டியதுதான். அதற்குப் பிறகு நிகத் செய்ததைப் பாருங்கள். 2022 இஸ்தான்புல்லில் 52 கிலோவில் உலக சாம்பியன், இறுதியில் 5–0. அதே ஆண்டு காமன்வெல்த்தில் 50 கிலோ தங்கம். 2023 டெல்லியில் 50 கிலோவில் மறுபடியும் உலக சாம்பியன். விதிகள் மாறி எடை 50க்கும் 52க்கும் இடையே ஆடினாலும், ஆள் அந்த வட்டாரத்தை விட்டு நகரவில்லை.

எனவே ஃப்ளைவெயிட் என்று கறாராகக் கேட்டால் நிகத். இந்தியப் பெண்கள் குத்துச்சண்டை என்று கேட்டால் மேரி கோம், அதில் இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டி. நிகத்திடம் ஒலிம்பிக் பதக்கம் இல்லை; 2024 பாரிஸில் சீனாவின் வூ யூவிடம் தோற்றுத் திரும்பினார், அந்த வூ யூதான் பிறகு தங்கம் வென்றார். தோற்ற கட்சி ஆறுதலுக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எடை குறைக்க உப்பையே நிறுத்துவார்களாமே? மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை எப்படிப் பொறுப்பது?

பதில்: உப்பின் மேல் கோபம் இல்லை, அது பிடித்துவைக்கிற தண்ணீர் மேல்தான். உடம்பில் உப்பு இருந்தால் தண்ணீர் தங்கும், தண்ணீர் எடைமெஷினில் பேசும். அதனால் கடைசி நாட்களில் உப்பைக் குறைத்து, தடித்த உடையைப் போட்டுக்கொண்டு வியர்வை சிந்துவார்கள். 2018இல் போலந்துக்கு விடியற்காலையில் போய் இறங்கிய மேரி கோம், அனுமதித்ததைவிட சுமார் இரண்டு கிலோ கூடுதல். எடை பார்க்கச் சுமார் நான்கு மணி நேரம்தான் இருந்தது. ஒரு மணி நேரம் விடாமல் ஸ்கிப்பிங் ஆடி எடையை இறக்கினார், தங்கத்தோடு திரும்பினார். மல்யுத்தத்தில் வினேஷ் போகத் 100 கிராமுக்காகப் பாரிஸ் இறுதிப் போட்டியையே இழந்ததும் இதே மெஷினால்தான்.

தொழில்முறை குத்துச்சண்டையில் இன்னொரு வேடிக்கை. அங்கே எடை பார்ப்பது முந்தைய நாள். மறுநாள் மணி அடிப்பதற்குள் குடித்து, சாப்பிட்டுப் பல கிலோ ஏறிவிடும். காகிதத்தில் ஃப்ளைவெயிட், வளையத்தில் வேறு யாரோ.

கேள்வி: சரி, தொழில்முறையில் உலகத்திலேயே பெரிய ஃப்ளைவெயிட் யார்?

பதில்: பட்டத்தைக் காத்த கணக்கு என்றால் தாய்லாந்தின் போங்சக்லெக் வோன்ஜோங்கம், தொடர்ந்து 17 முறை. மெக்சிகோவின் மிகேல் கான்டோ 14 முறை. ஆனால் இன்றைக்கு ஒரே எடைக்கு நான்கு அமைப்புகள் நான்கு சாம்பியன்களை நியமிக்கின்றன. கல்யாணத்துக்கு நான்கு மாப்பிள்ளை வந்தால் யாருக்கு மாலை?

இங்கே ஓட்டு ஜிம்மி வைல்டுக்கு. வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், திருவிழாக் கூடாரங்களில் வந்தவனையெல்லாம் அடித்துப் பழகியவர், 1916 முதல் 1923 வரை உலக சாம்பியன். வரம்பு 112 பவுண்ட். அவர் பல நாள் 100 பவுண்டைக்கூட, அதாவது 45 கிலோவைக்கூட, தொடவில்லை. மேரி கோமுக்குச் சொன்ன சட்டம் இவருக்கு இல்லையா என்று கிளியனூர் கேட்கும். இவருக்குக் கீழே வேறு பிரிவே அன்று கிடையாது. கனமானவர்களோடுதான் மோதினார், அவர்களையே வென்றார். கடைசியில் நியூயார்க்கில் அவரைச் சாய்த்தவர் பிலிப்பைன்ஸின் பாஞ்சோ வில்லா. வில்லா இரண்டே ஆண்டில், 23 வயதில், பல் பிடுங்கிய இடத்தில் சீழ் பிடித்து இறந்துபோனார். அது நடக்காமல் இருந்திருந்தால் இந்தப் பதில் மாறியிருக்கக்கூடும்.

கேள்வி: இத்தனை பேரில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லையா?

பதில்: ஒரு படி மேலே ஏறினால் இருக்கிறார். 54 கிலோ பேன்டம்வெயிட்டில் வி. தேவராஜன்: 1992 பார்சிலோனா ஒலிம்பிக், 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம், பிறகு அர்ஜுனா விருது. ‘சார்பட்டா பரம்பரை’ படத்தைப் பத்துத் தடவை பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? 1980இல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்ட முகமது அலியை இன்றும் பேசுகிறார்கள். அவர் ஹெவிவெயிட், இந்த வழக்கில் சாட்சி சொல்ல முடியாது.

கேள்வி: என் தம்பிக்கு எடை 54 கிலோ. குத்துச்சண்டையில் சேரத் துடிக்கிறான். எந்தப் பிரிவு?

பதில்: 2025 லிவர்பூல் உலகப் போட்டியில் ஆண்களுக்கு வைத்த பிரிவுப்படி 55 கிலோ. இன்னும் ஒரு கிலோ இடம் இருக்கிறது. குழம்பில் உப்பைக் குறைக்கச் சொல்லி அம்மாவிடம் சண்டைக்குப் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் ஒரு நல்ல வாத்தியாரைப் பிடிக்கட்டும்.