பதின்மூன்று வயதை ஒழித்த பெருமக்களுக்கு

அனுப்புநர்:
மூன்று பிள்ளைகளுக்குப் பெரியப்பா,
மெர்லிமாவ், மலாக்கா.

பெறுநர்:
தமிழ் நிகழ்ச்சிகளுக்கு நேரமும் வயதும் குறிக்கும் மேலதிகாரிகள்,
நாட்டின் தொலைக்காட்சி நிலையங்கள் அனைத்தும்.

பொருள்: தமிழருக்குப் பதின்ம வயது கிடையாது என்ற தங்கள் கண்டுபிடிப்பைப் பாராட்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மேற்கண்ட பொருள் தங்கள் மேலான கவனத்திற்கு. தமிழ்ப் பிள்ளைக்குப் பன்னிரண்டு முடிந்த மறுநாள் காலையில் நாற்பத்தைந்து வயது ஆகிவிடுகிறது என்று உலகத்துக்கு முதலில் எடுத்துக்காட்டியவர்கள் நீங்கள்தான். வாயால் சொல்லவில்லை, நிகழ்ச்சி அட்டவணையால் சொன்னீர்கள். பகலில் தமிழ் பேசும் பூனை, எலி, குட்டி யானை. இரவில் தமிழ் பேசும் மாமியார், மருமகள், விஷம் கலந்த பால். நடுவில் கிடக்கும் ஏழு வருடத்தைத் தையல் தெரியாமல் மூடிவிட்டீர்கள். கைதேர்ந்த வேலை.

2. இந்த விஷயத்தில் மற்ற நாட்டார் உங்களைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்வது என் கடமை. ஜப்பான்காரன் பையன்களுக்கு ஷோனென், பெண் பிள்ளைகளுக்கு ஷோஜோ, வளர்ந்தவர்களுக்கு செய்னென் என்று வகை பிரித்து வரைந்து தள்ளுகிறான். அமெரிக்காவில் 1989-இல் ‘சிம்ப்சன்ஸ்’ குடும்பத்தை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டு வந்தார்கள். 1997-இல் எம்டிவி ‘டாரியா’ என்று ஒரு தொடரைத் தொடங்கியது. பள்ளிக்கூடமே பிடிக்காத, கண்ணாடி போட்ட ஒரு பெண் பிள்ளைதான் அதில் நாயகி. அவள் ஊரைக் காப்பாற்றவில்லை, உலகத்தையும் காப்பாற்றவில்லை. சலித்துக்கொண்டே ஐந்து வருடம் ஓட்டினாள். 2001-இல் கார்ட்டூன் நெட்வொர்க் பகலில் பிள்ளைகளுக்கும், இரவில் ‘அடல்ட் ஸ்விம்’ என்ற பெயரில் வளர்ந்தவர்களுக்கும் என்று ஒரே அலைவரிசையை இரண்டாக வகுத்தது. வெளிநாட்டை விடுங்கள். நம் தணிக்கை வாரியமே ‘பி12’, ‘13’, ‘16’, ‘18’ என்று முத்திரை குத்துகிறது. பதின்மூன்று, பதினாறு என்ற வயதுகள் இருப்பதாக இன்னும் அவர்கள் நம்புகிறார்கள் போலும். தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

3. கார்ட்டூன் என்றாலே சின்னப் பிள்ளைச் சமாச்சாரம் என்று ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஒரு வழக்கு உண்டு. ஷின்சான் ஜப்பானில் வளர்ந்தவர்கள் வாசிக்கும் வார இதழில் பிறந்த பயல். கடல் தாண்டி இந்தியா வந்ததும் அவனைப் பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். அவன் தன் சுபாவப்படி கால்சட்டையைக் கழற்றினான். பெற்றோர் அலறினார்கள். 2008-இல் தடையே வந்தது. பிறகு வெட்டி ஒட்டித் திரும்ப விட்டார்கள். வயதைத் தப்பாகக் குறித்தவர்களை விட்டுவிட்டு, தண்டனையை அந்த ஐந்து வயதுப் பயலுக்குக் கொடுத்தார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கலே வராது. வயதே குறிக்காதவருக்கு எந்தத் தப்பும் நேராது.

4. உள்நாட்டுப் போட்டியாளர்களைப் பற்றியும் புகார் செய்ய வேண்டியிருக்கிறது. 2007 நோன்பு மாதத்தில் உப்பினும் இப்பினும் வந்தார்கள். கம்போங் டுரியான் ருந்துவில் பாட்டியோடும் அக்காவோடும் வாழும் ஐந்து வயது இரட்டையர். அது பாலர்களுக்கு. 2011-இல் போபோய்போய் வந்தான். அது ஆரம்பப் பள்ளிக்கு. அதோடு விட்டார்களா? 2016-இல் அதே போபோய்போயை விண்வெளிக்கு அனுப்பும்போது அவனுக்குப் பதினான்கு வயது ஆக்கிவிட்டார்கள். பார்த்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களாம், ஆகவே நாயகனும் வளர வேண்டுமாம். அதே வருடம் எஜென் அலி வந்தான். பன்னிரண்டு வயதில் உளவாளியாகி, பெரியவர்களின் பொய்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறான். இப்படிப் படிப்படியாகப் பிள்ளையைக் கைபிடித்து மேலே கொண்டு போவது என்ன நியாயம்? எங்கள் பிள்ளைகளைப் போல ஒரே தாவாகத் தாவட்டுமே!

5. அந்தத் தொடர்களில் நாங்களும் இருக்கிறோம், மறுக்கவில்லை. டுரியான் ருந்துவில் அங்கிள் முத்து சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். போபோய்போயின் தோழன் கோபால், எதைப் பார்த்தாலும் பயப்படுவான். கிடைத்த சக்தியை வைத்துக் கண்ணில் பட்டதையெல்லாம் தின்பண்டமாக மாற்றுவான். நல்ல பையன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். அண்டவெளியில் கோள் கோளாகச் சுற்றும் இவனை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, தமிழில் நாலு வார்த்தை நிம்மதியாகப் பேச விட்டால் என்ன பேசுவான் என்றுதான் எனக்கு ஆசை.

6. இனி களநிலவரம். என் தம்பி தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்து பல வருடம் ஆகிறது. ராத்திரி ஏழரை மணி. பெட்டியில் நாடகம், எதிரே பாட்டி. கடைக்குட்டி தரையில் படுத்து, அப்பாவின் கைப்பேசியில் உப்பின் இப்பின் பார்க்கிறான். படிவம் இரண்டில் படிக்கும் மூத்தவள் சுவரோரம் ஒற்றைக் காதில் இயர்போனோடு இருக்கிறாள். திரையில் ஜப்பானியப் பேச்சு, கீழே மலாய் எழுத்து. ‘டீமன் ஸ்லேயர்’.

“என்னம்மா பாக்குற?” என்றார் பாட்டி.

“ஒன்னுமில்ல பாட்டி, கார்ட்டூன்.”

“கதைய சொல்லு.”

பிள்ளை சிரமப்பட்டுத் தொடங்கினாள். “இந்த அண்ணன் இருக்கான்ல, அவன் தங்கச்சி பேயா ஆயிட்டா லா. அவள மனுசியா ஆக்கணும்னு அவன் கோத்தாக்குல வச்சி கெண்டோங் பண்ணிட்டே போறான், பாட்டி. எல்லாரும் அவள கொல்லு கொல்லுங்குறாங்க. இவன் மாட்டேங்குறான்.”

பாட்டி நாடகத்தின் சத்தத்தைக் குறைத்தார். “பொட்டிக்குள்ள வச்சி முதுகுல சுமக்குறானா? அண்ணன்னா அவந்தான்டி அண்ணன். அப்புறம்?”

அப்புறம் சொல்ல அவளுக்குச் சொல் வரவில்லை. கதை முழுக்க அவள் நெஞ்சில் இருக்கிறது. ஆறாம் ஆண்டில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை அவள்.

ஐயா, அம்மா, இரவு நேரத்தில் தமிழ்ப் பாட்டி ஒருவர் தானாக நாடகத்தின் சத்தத்தைக் குறைத்த சம்பவம் உங்கள் ஆய்வுப் பிரிவின் காதுக்கு எட்டியிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

7. இதில் கல்வித் துறையும் நீங்களும் கைகோத்துச் செயல்படும் அழகை வியக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. தோட்டமே காணாமல் போன பிறகும் பெயரில் மட்டும் ‘லாடாங்’ என்று சுமந்து நிற்கும் எங்கள் மலாக்காப் பள்ளிகள், ஆறு வருடம் பிள்ளைகளுக்குத் தமிழில் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்து அனுப்புகின்றன. படிவம் ஒன்றில் எல்லாம் மலாய்மொழி. தமிழ் ஒரு பாடமாக வேண்டுமென்றால் பதினைந்து பிள்ளைகள் சேர வேண்டும், பெற்றோர் கேட்க வேண்டும், ஆசிரியர் கிடைக்க வேண்டும், பல இடங்களில் பள்ளி விட்ட பிறகு காத்திருக்கவும் வேண்டும். பள்ளிக்கூடம் கதவைச் சாத்தும் அதே வருடம் தொலைக்காட்சியும் தமிழ்க் கதவைச் சாத்துகிறது. இரண்டு துறைகள் இவ்வளவு துல்லியமாக ஒத்துழைத்து இந்த நாட்டில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

8. இதற்கு முன்னுதாரணமும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. காஜா பேராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்தவர்களின் வழித்தோன்றல்கள். துக்காங் எமாஸ் சாலையில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. சாமி இருக்கிறது, பொங்கல் இருக்கிறது, முன்னோர் படையல் இருக்கிறது. வீட்டில் பேசுவது மலாய். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, ஐந்தாறு நூற்றாண்டு தாக்குப்பிடித்த மக்கள். ஆனால் அவர்களுக்கு மொழி போக பல தலைமுறை ஆனது. உங்கள் அட்டவணை அதே வேலையைப் படிவம் ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் முடித்துவிடும் போலிருக்கிறது. நவீன வசதி என்றால் இதுதான்.

9. “நாங்கள் இளைஞர்களை மறக்கவில்லையே” என்று நீங்கள் பதில் எழுதக்கூடும். உண்மைதான். நீங்கள் நினைக்கும்போதெல்லாம் ஒரு மேடை, ஒரு மைக், கோட்டு போட்ட தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவர் வருகிறார். கைப்பேசியைக் கீழே வை, குடும்பத்தை நினை, எஸ்பிஎம்மில் ஒன்பது ‘ஏ’ எடு என்கிறார். அந்த வயதுப் பிள்ளைக்குப் புத்திமதி ஏற்கனவே வீட்டில் மூன்று வேளையும் பரிமாறப்படுகிறது. ‘நருட்டோ’வை ஏன் விழுந்து விழுந்து பார்க்கிறார்கள் தெரியுமா? பெற்றோர் இல்லாத, ஊரே ஒதுக்கி வைத்த ஒரு பையன், அதே ஊருக்குத் தலைவன் ஆவேன் என்று கூரைமேல் நின்று கத்துகிறான். தோட்டம் மூடி, அடுக்குமாடிக்கு வந்து, வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் பையனுக்கு அவன் யாரென்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

10. செலவு என்று சொல்லாதீர்கள். சென்னையில் 2007-இல் தொடங்கிய சுட்டி டிவி, அமெரிக்காவில் ஓடி முடிந்த ‘ஜாக்கி சான்’ தொடரை எடுத்தது. படம் பழசு. மாற்றியது வாயை மட்டும். எழுத்து மொழியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வீதியில் பேசும் தமிழை நக்கலோடு ஊற்றினார்கள். கல்லூரிப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், இன்றைக்கும் சிரிக்கிறார்கள். நம் நாட்டில் குரல் கொடுக்க ஆளில்லையா? ‘லா’ போட்டு, ‘அலாமாக்’ என்று அலறி, நடுவில் சுத்தத் தமிழில் திட்டவும் தெரிந்த பிள்ளைகள் ஜாசின், அலோர் காஜா மாமாக் கடைகளில் ராத்திரி பதினொரு மணி வரை இலவசமாகவே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

11. வரையத் தெரியாது என்றும் சொல்லாதீர்கள். மலாக்கா மாநிலச் சின்னத்தில் நிற்பது சருகுமான். நாயை எட்டி உதைத்து, பரமேஸ்வராவை இங்கே ஊர் அமைக்க வைத்த பிராணி. அந்தச் சருகுமானை வைத்து, 1983-இல் திரைக்கு வந்த ‘ஹிகாயாட் சாங் காஞ்சில்’தான் இந்த நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படம். எடுத்தவர் ஃபிலம் நெகாராவில் வேலை பார்த்த ஆனந்தம் சேவியர். பெயரை இன்னொரு முறை வாசியுங்கள். வாசலைத் திறந்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உள்ளே நாற்காலி இல்லை என்பதைத்தான் மரியாதையோடு தெரிவிக்கிறேன்.

12. ஆகவே எங்கள் பணிவான விண்ணப்பம்:

(அ) தமிழருக்கும் 13 முதல் 19 வரை வயது உண்டு என்று பரீட்சார்த்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

(ஆ) நம் நாட்டில் எடுத்த தொடர்களை, நம் நாட்டுத் தமிழில், நம் பிள்ளைகளின் குரலில், நல்ல நேரத்தில் காட்ட வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணி நல்ல நேரம் அல்ல. அது கல்யாணத்துக்கு மட்டும்.

(இ) பிறகு சொந்தமாக ஒன்று. செம்பனைத் தோட்டம் ஒட்டிய தாமானில், படிவம் இரண்டு படிக்கும், பொறாமைப்படும், பொய் சொல்லும், கணக்கில் கோட்டை விடும் ஒரு தமிழ்ப் பெண் பிள்ளை நாயகியாக வேண்டும்.

(ஈ) கடைசிக் காட்சியில் அவளுக்கு யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. இது மிக முக்கியம்.

இப்படிக்கு,
தங்கள் நிலையத்துக்கு மாதந்தோறும் வெள்ளி தவறாமல் கட்டிவரும்
பெரியப்பா

நகல்:
1. அங்கிள் முத்து, சாப்பாட்டுக் கடை, கம்போங் டுரியான் ருந்து. பரிந்துரைக்காக.
2. கோபால், விண்வெளி. பயப்படாமல் பிரிக்கவும், உள்ளே தின்பண்டம் இல்லை.
3. அடுத்த ஆண்டு படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைகள். தமிழ் வாசிக்க மறப்பதற்குள் கைக்குக் கிடைக்கும்படி, விரைவு அஞ்சலில்.