குறை சொல்லக் கூலி இல்லை

பாட்டுக் கேட்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கைப்பேசியை எடுத்துத் தட்டினால் அது பாடிவிட்டுப் போகிறது. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் பாட்டில் என்ன பெருமை என்று நினைக்கிற கூட்டம் ஒன்று உண்டு. ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அகலக் கணினியை வாங்கி, அதன் 40 பின்களின் மேல் ஒலி வெளியீட்டுக்கான 'டாக்' பலகையைச் செருகி, முன்னால் 7 அங்குலத் தொடுதிரையை மாட்டி, எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கி, "நானே செய்தது" என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் காட்டுகிற கூட்டம். நான் அதில் ஆயுள் உறுப்பினர்.

பெட்டி செய்வதோடு நின்றவர்கள் புண்ணியவான்கள். அதற்குள் ஓடும் மென்பொருளின் புதிய பதிப்பை, வெளிவருவதற்கு முன்பே போட்டுப் பார்த்துக் குறை சொல்ல ஆள் தேவை என்று அதை எழுதுபவர் கேட்டார். நான் கை தூக்கினேன். சம்பளம் கிடையாது என்றார். குறை சொல்வதை எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இலவசமாகத்தான் செய்துவருகிறோம் என்பதால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பீட்டா என்னும் இந்த நிலை எப்போது முடியும் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஜிமெயில் 2004 ஏப்ரலில் வந்தது. 2009 ஜூலை வரை பீட்டா பட்டத்தோடுதான் இருந்தது. அதற்குள், அதன் வழியே வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் அதன் வழியே ராஜினாமாவும் அனுப்பியிருப்பார்கள். நம்மவர் அவ்வளவு பெரிய நிறுவனம் அல்ல. ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில், அலுவலகம் முடிந்து வந்து இரவில் எழுதுகிற ஒரே ஆள். ஆகவே இன்னும் நிதானம்.

ஒவ்வொரு பதிப்போடும் ஒரு குறிப்பு வரும். "சில சிறு பிழைகள் நீக்கப்பட்டன" என்றிருந்தால் நல்ல சகுனம். "உட்புறம் முழுவதும் மாற்றி எழுதப்பட்டது" என்றிருந்தால் அன்று வீட்டில் பாட்டு இல்லை.

ஒரு பதிப்பில் திரை தலைகீழாக வந்தது. இது அபூர்வமல்ல. சில பெட்டிகளில் திரையைத் தலைகீழாகத்தான் மாட்ட முடியும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் படம் நிமிர்ந்துவிடும். சேர்த்தேன், படம் நிமிர்ந்தது. தொடுகை நிமிரவில்லை. மேலே இடது மூலையைத் தொட்டால் கீழே வலது மூலை வேலை செய்தது. "என்னங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்றார் மனைவி. நான் குறைக்கக் குறைக்கப் பக்கத்து வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்துவிட்டார்.

அம்மா மட்டும் அந்தத் திரைக்குச் சீக்கிரமே பழகிவிட்டார். கந்த சஷ்டி கவசம் வேண்டுமென்றால் எதிர் மூலையைத் தொட வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. அடுத்த பதிப்பில் அது சரியானதும், "நல்லா இருந்ததை ஏண்டா மாத்துனே?" என்று கேட்டார். மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லோரும் தினமும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

தமிழ்ப் பாட்டு வைத்திருப்பவன் சோதனைக்கு வந்தால் மென்பொருள் எழுதுபவருக்குத் தூக்கம் போய்விடும். முதலில் எழுத்து. தமிழ் எழுத்துரு இல்லாத பதிப்பில் பாட்டுப் பட்டியல் முழுவதும் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி வெற்றுக் கட்டங்களாக வந்தது. எழுத்துருவைச் சேர்த்தார். உடனே, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. படம் எடுத்து அனுப்பினேன். "இதில் எது தவறு? எனக்கு எல்லாமே அழகாகத்தான் தெரிகிறது" என்று பதில் வந்தது.

கொம்பு இடத்துக்கு வந்ததும் தேடல் மக்கர் செய்தது. 'பொன்னியின் செல்வன்' என்று தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்றது. படத்தின் பெயரோ பட்டியலில் கண்ணெதிரே இருந்தது. விஷயம் இதுதான். யூனிகோடில் 'பொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் ஒன்றாகப் பார் என்று யாராவது எழுதிவைக்காவிட்டால் கணினிக்கு அவை வேறு வேறு. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். என் பாட்டுகள் அப்படிப்பட்ட ஒன்றிலிருந்து வந்தவை. இதையெல்லாம் விளக்கி எழுதுவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பதில் ஒரே வரி: "உங்கள் மொழி வலமிருந்து இடமா?"

அடுத்து ஆட்கள். 1976-இல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமான இளையராஜா ஒருவர்தான். என் பெட்டியில் அவர் பல பேர். ஆங்கிலத்தில் அவர் பெயரை ஒவ்வொரு மகானுபாவரும் ஒவ்வொரு விதமாக அடித்துவைத்திருக்கிறார். மென்பொருள் எல்லோரையும் நம்பி, ஆளுக்கொரு படத்தோடு தனித்தனி அறை கொடுத்துவிட்டது. ஏ.ஆர். ரஹ்மானுக்கு வேறு கஷ்டம். ஆங்கிலப் பெயர்களை வரிசைப்படுத்தும்போது முன்னால் தனியாக நிற்கும் 'ஏ'யைத் தள்ளிவிடச் சொல்லியிருந்தார் நம்மவர். இனிஷியலுக்குப் புள்ளி வைக்காத பாட்டுகளில் அவர் வெறும் ஆர். ரஹ்மானாகி 'ஆர்' வரிசைக்குப் போய்விட்டார். இனிஷியலைக் கழற்றக் கூடாது என்று எழுதினேன். "அது முதல் பெயரா, குடும்பப் பெயரா?" என்று கேட்டார். பிழை அறிக்கைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அலாரத்துக்குச் சுப்ரபாதம் வைத்திருந்தேன். ராஸ்பெரி பை 5-க்கு முந்தையவற்றில், மின்சாரம் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்ததும் கடைசியாகத் தெரிந்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, இணையம் கிடைத்த பிறகு சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். கணினி திருத்திக்கொண்டது, பீட்டாவின் அலாரம் திருத்திக்கொள்ளவில்லை. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு, எம்.எஸ். சுப்புலட்சுமி திருப்பதிப் பெருமாளைக் காலை 11 மணிக்கு எழுப்பினார். முழுச் சத்தத்தில். மின்சாரம் வந்தவுடன் ஒலி அளவு 100-இல் தொடங்கும் என்பது அந்தப் பதிப்பின் கொள்கை. "இவ்வளவு நேரமா தூங்குவார் பெருமாள்? உன்னை மாதிரியே இருக்காரேடா" என்றார் அம்மா.

இந்த வேலையில் கெட்டுப்போவது காதுதான். சோதனை செய்கிறவன் சங்கீதம் கேட்பதில்லை. கச்சேரிப் பதிவில் ஆலாபனை முடிந்து தானம் தொடங்கும்போது, ஒரு கோப்பிலிருந்து அடுத்த கோப்புக்குத் தாண்டும் இடத்தில் விக்கல் வருகிறதா என்று கேட்கிறான். வித்வான் உருகுவார், நான் லாக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பேன். கைதட்டல் பாதியில் அறுந்தால் எனக்கு ஆனந்தம். ஒழுங்காகப் பாடினால் ஏமாற்றம்.

இந்தத் தொண்டுக்கு வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எஸ்டி கார்டு இரண்டு வாங்குங்கள். ஒன்றில் ஒழுங்காகப் பாடும் பழைய பதிப்பு, மற்றதில் பீட்டா. வீட்டில் ஆள் இருக்கும்போது முதலாவதைத்தான் போட வேண்டும். மின்சாரம் சட்டென்று போனால் கார்டு கெட்டுப்போகலாம். பாட்டுகளுக்கு வேறு இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். "பாடவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்தப் பதிப்பு, எதைத் தொட்டபோது, மறுபடி தொட்டால் மறுபடி வருகிறதா என்பதையும் எழுதுங்கள். தமிழில் பெயரிட்ட பாட்டுகளைக் கட்டாயம் சேர்த்துச் சோதியுங்கள். நம் கொம்பும் காலும் இனிஷியலும் நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளில் தமிழ் சரியாகத் தெரிகிறது என்றால், அதற்கு முன்னால் எவரோ ஒருவர் விடாமல் நச்சரித்திருக்கிறார் என்று அர்த்தம்.