கம்பம் பள்ளத்தாக்கில் எக்ஸ்பி: ஆதரவு நீங்கிய பின் ஆயுள் நீளும் விதம் குறித்து ஓர் ஆய்வு

விண்டோஸ் எக்ஸ்பியை மறுபடி போடுவது சில்லறை வேலை என்று அறிஞர் உலகம் இதுவரை ஒதுக்கிவந்தது. தேனி மாவட்டத் தரவு கொண்டு அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

1. காலக் கோட்பாடு

எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபர் 25. மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8. ஆயுள் பன்னிரண்டரை ஆண்டு. இப்பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையின் குத்தகையோ 1886-இல் 999 ஆண்டுக்கு எழுதப்பட்டது. அந்தப் பத்திரத்தை நம்பி நெல் நடுகிறவரிடம் பன்னிரண்டரை ஆண்டைக் காலாவதி என்றால் சிரிக்கமாட்டாரா? 1970-இல் குத்தகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. இதை அப்பத்திரத்தின் சர்வீஸ் பேக் எனக் கொள்க. எக்ஸ்பிக்கு மூன்று வந்தும் பயனில்லை.

2. மறுப்பும் மறுமொழியும்

2014-இல் தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. சி-டாக் உருவாக்கியது, காசு கிடையாது. ஆனால் போடி ஏலக்காய்க் கடையின் பழைய பில் மென்பொருளும், கிர்ரென்று கத்தும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அரசாணை படிப்பதில்லை. "எக்ஸ்பியே போட்டுக் குடுங்கண்ணே, பழகிருச்சு" என்பதே இவ்வாய்வுத் துறையின் மூலபாடம்.

3. செய்முறை

"சி டிரைவ மட்டும் அழிங்க, டி-யத் தொட்றாதீங்க" என்ற காப்புடன் சடங்கு தொடங்கும். சற்றே புதிய மதர்போர்டு என்றால், ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று எக்ஸ்பி சாதிக்கும். பயாஸில் புகுந்து ஏஹெச்சிஐ என்பதை ஐடிஇ என்று மாற்றினால் டிஸ்க் அவதரிக்கும். அடுத்து 25 எழுத்து கீ. கேபினெட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் தேய்ந்து, எட்டா 'பி'யா என்று இரு கட்சிகள் பிரியும். கீயில் பூஜ்ஜியமும் ஒன்றும் வராது. எட்டும் 'பி'யும் இரண்டுமே வரும் என்பதால் வழக்கு எளிதில் தீராது.

ஆதரவு நின்றாலும் ஆக்டிவேஷன் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. அவகாசம் 30 நாள். போன் வழியென்றால் 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு கட்டம், கட்டத்துக்கு ஆறு இலக்கம். கடைக்காரர் ஓத, பையன் தட்டுவான். நாற்பதாவது இலக்கத்தில் யாராவது "கீபோர்டு என்ன விலைண்ணே?" என்று கேட்பது மரபு.

4. பச்சை மேடு

முடிவில் திரையில் விரியும் பச்சை மேட்டை 1996-இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் படமெடுத்தவர் சார்ல்ஸ் ஓரியர். பூச்சி விழுந்து திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிய நிலம் அது. 2023-இல் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய கம்பத்தார் இத்தனை வருசம் "நல்லா குளுகுளுன்னு இருக்கு" என்று ரசித்தது, சக விவசாயி ஒருவரின் நஷ்டத்தை.

5. பரிந்துரைகள்

(அ) அடுத்த ஓ.எஸ். வாங்கும்போது 999 ஆண்டுக்குக் கேட்டுப் பார்க்கவும். முன்மாதிரி உள்ளூரிலேயே உள்ளது.

(ஆ) அதுவரை எக்ஸ்பியை நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டுக. கல்யாண போட்டோ காட்டுகிறேன் என்று பென் டிரைவோடு வரும் மச்சினனுக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்புக.