நாலு மூடியும் ஒரு லேப்டாப்பும்

சனிக்கிழமை ராத்திரி என்னைக் கேட்காமலே ஓர் அப்டேட் வந்து உட்கார்ந்துவிட்டது. பயாஸ் அப்டேட். அணைக்கக் கூடாது என்று திரையில் ஓர் அதட்டல், ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து நிறைந்தது, அவ்வளவுதான். காலையில் பார்த்தால் வோல்டேஜைக் குறைக்கிற கட்டம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. அமுக்கினால் அமுங்கவில்லை, இழுத்தால் நகரவில்லை. 80 மில்லிவோல்ட் குறைத்து எவ்வளவு பதவிசாக வைத்திருந்தேன்! இப்போது மறுபடியும் 97 டிகிரி. விசிறி போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு டிவி சீரியல் காதில் விழுவதில்லை. லாபம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

பழைய லேப்டாப்பின் வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைத் தணிப்பது எப்படி என்று எழுதித் தருவதாகச் சொல்லித்தான் இந்த இடத்தை வாங்கினேன். எழுதிவிடுகிறேன். அதற்கு முன்னால் மூடி விஷயத்தை முடித்துக்கொள்கிறேன். ரெண்டே வரி.

உங்கள் லேப்டாப்புக்கு அடியிலும் இப்போது ஏதோ ஒன்று இருக்கிறது. இல்லையென்று சாதிக்காதீர்கள். பிள்ளையின் டிக்‌ஷனரியோ, யாரும் புரட்டாத கல்யாண ஆல்பமோ, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த எதையோ வைத்திருக்கிறீர்கள். நான் மூடிக் கட்சி. நாலு மூலைக்கு நாலு பாட்டில் மூடி. சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரே உயரத்தில் நாலு மூடி சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். தண்ணி பாட்டில் மூடி ஒரு காலத்தில் நல்ல உயரமாக இருந்தது. பிளாஸ்டிக் மிச்சம் பிடிக்கிறோம் என்று அதைக் குட்டையாக்கி, விரலால் பிடித்துத் திருகவே முடியாமல் பண்ணிவிட்டார்கள். தாகத்துக்கு வாங்கின பாட்டிலை வேட்டி முனை போட்டுத் திருக வேண்டியிருக்கிறது. அதை லேப்டாப்புக்குக் கொடுத்தால் காற்றுப் போகாது, எறும்பு வேண்டுமானால் போகும். கலர் பாட்டில் மூடி கொஞ்சம் தேவலை. ஆனால் ஒரே கலரை நாலு பாட்டில் குடிக்க வேண்டும், எனக்குச் சர்க்கரை. டானிக் மூடி உயரம்தான், உள்ளே பிசுபிசுப்பு இருக்கும், மறுநாள் காலையில் எறும்பு ஊர்வலம். தேங்காயெண்ணெய் மூடி மேசையில் வழுக்கும்.

ஒருவழியாக நாலு சேர்த்தேன். மதினி வந்து வீட்டைப் பெருக்கிக் கொடுத்ததில் ஒன்று போயிற்று. நாலில் ஒன்று போனால் மூன்று மிச்சம் என்று கணக்கு வாத்தியார் சொல்லுவார். லேப்டாப் விஷயத்தில் நாலில் ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம். ‘எஸ்’ அடித்தால் ஒரு ஆட்டம், ‘எல்’ அடித்தால் எதிர்ப்பக்கம் ஒரு ஆட்டம். மாமா வந்தார். “இதுக்கு ஏன் இம்புட்டு யோசன? கேரம் காய் வைய்யி மாப்ள” என்றார். கேரம் காய் ஒன்று போதாது, ரெண்டு அடுக்க வேண்டும், அடுக்கினால் சரியும். பசை போட்டு ஒட்டினால் சூட்டில் இளகும். ரப்பரை நறுக்கி வைத்தேன். பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர்தான். அது லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டு, தூக்கினால் கூடவே வந்தது. மாமா அடுத்த தரம் வரும்போது மறக்காமல் கேட்டார்: “கேரம் காய் வச்சியா?” வைத்தேன் என்று பொய் சொன்னேன். குனிந்து பார்த்தார். பெரியவர்கள் ஏன் குனிந்து பார்க்கிறார்கள்?

ரெண்டு வரி கொஞ்சம் நீண்டுவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குப் போடியில் ஓர் ஏலக்காய் குடோனில் கணக்கு வேலை. லாட் எண், மூட்டை, எடை, கூலி, ஜிஎஸ்டி. லேப்டாப் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெண்டாம் கையாக வாங்கினது, எட்டாம் தலைமுறை சிப், ஏதோ ஆபீஸில் உழைத்து ஓய்வு பெற்றது. புதுசு வாங்கச் சொல்கிறவர்கள் பணத்தையும் கையோடு கொண்டுவந்து சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன். சூடு ஏறினதும் முறைப்படி முதலில் திறந்து சுத்தம் பண்ணினோம். விசிறிக்குள் ஏலக்காய்க் காம்பு, காய்ந்த பூ, தூசு. ஊதினால் அறையெல்லாம் பாயச வாசனை. சிப்பின் தலையில் இருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டிருந்தது, மாற்றினோம். நாலைந்து வருஷம் ஓடின எந்த லேப்டாப்புக்கும் இது முதல் மருந்து. அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று கேள்வி.

நிறுத்தாதவர்களுக்கு வோல்டேஜ். சிப் தின்கிற மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜில் பத்து சதவீதம் குறைத்தால், வேகத்தைத் தொடாமலே, சூட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இதை நான் மச்சானிடம் விளக்கினதுதான் வினை. மச்சானுக்கு வோல்டேஜ் என்றால் டியூப்லைட் கண் சிமிட்டுவது, மிக்சி முனகுவது. “ஊரெல்லாம் லோ வோல்டேஜ்னு ஸ்டெபிலைசர் வாங்குறான், நீ என்னா குறைக்கிறதுக்கு ஒக்காந்திருக்க?” என்றவர், சாயங்காலம் ஒரு பழைய ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று அச்சடித்தே இருக்கிறது மச்சான், சுவரில் என்ன வந்தாலும் அது பத்தொன்பதோ இருபதோ வோல்ட்டாக்கித்தான் உள்ளே விடும், சிப்புக்குப் போகும்போது ஒரு வோல்ட் பக்கம் வந்துவிடும், நான் கை வைப்பது அந்த ஒரு வோல்ட்டில் என்றேன். “ஒரு வோல்ட்டுக்கா இந்தக் கொதி கொதிக்குது?” என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஆம்பியரை இழுக்க வேண்டும். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். ஸ்டெபிலைசர் இங்கேயே இருக்கிறது.

த்ராட்டில்ஸ்டாப் என்று ஒரு மென்பொருள், இலவசம். அதில் கோர், கேஷ் இரண்டுக்கும் ஒரே ஆஃப்செட்டை, அதாவது எத்தனை மில்லிவோல்ட் குறைப்பது என்கிற எண்ணை, கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். போடிக்காரனுக்கு இது சொல்லித் தர வேண்டிய வித்தையே இல்லை. 2007-லிருந்து ஸ்பைசஸ் போர்டு இ-ஏலம் நடக்கிற ஊர். இங்கேயும் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சாம்பிள் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, அமுக்கி அமுக்கி விலையை ஏற்றுகிறார்கள். நான் அதே ஏலத்தைத் தலைகீழாக நடத்தினேன். மைனஸ் 30, சிப் வாயைத் திறக்கவில்லை. மைனஸ் 50, சரி. மைனஸ் 70, அதுவும் சரி. மைனஸ் 90, நீலத் திரை. ஏலம் முடிந்தது, பத்து விட்டுக்கொடுத்து எண்பதில் படிந்தோம். ஒரே மாடல் சிப்பிலேயே ஒன்று நூறு தாங்கும், இன்னொன்று ஐம்பதிலேயே படுத்துவிடும். எது எப்படி என்று தெரியாததால் ஃபாக்டரியில் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாராளமாக வைத்து அனுப்புகிறார்கள். நாம் அந்தத் தாராளத்தைத்தான் சுரண்டுகிறோம்.

97 டிகிரி 80-க்கு வந்தது. நூறைத் தொட்டால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு முடங்கிப்போகும், அந்தத் தொல்லையும் நின்றது. ஆபீஸில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாலு பேரும் அடியில் கை வைத்து, “சூடாத்தேன் இருக்கு” என்றார்கள். அவர்கள் கைக்கு எப்போதும் சூடாகத்தான் இருக்கும். “போடிமெட்டுல ஒக்காந்து வேல பாருங்கண்ணே, சூடே ஏறாது” என்று ஒரு யோசனையும் கிடைத்தது. பதினேழு கொண்டை ஊசி ஏறி, பனியில் நனைந்த கீபோர்டில் கூலிக் கணக்கு.

இப்போது அந்தக் கட்டம் செத்த கதை. 2019 எங்கள் ஊர் மறக்காத வருஷம். முந்தின வருஷ வெள்ளத்தில் மலை நாசமாகி, ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதே வருஷம் டிசம்பரில் பர்மிங்ஹாம், லூவன், கிராஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து ‘பிளண்டர்வோல்ட்’ என்ற ஒன்றை வெளியிட்டார்கள். வோல்டேஜைச் சரியான நேரத்தில் சரியான அளவு குறைத்தால் சிப் பெருக்கல் கணக்கைத் தப்பாகப் போடும், அந்தத் தப்பை வைத்து சிப்புக்குள் இருக்கும் எஸ்ஜிஎக்ஸ் என்கிற ரகசியப் பகுதியின் சாவிகளைக் களவாடலாம் என்று நிரூபித்தார்கள். மூளைக்கார வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதைச் செய்ய அந்தக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரமும் களவாணி கையில் ஏற்கெனவே இருக்க வேண்டும். அவ்வளவு அதிகாரம் இருக்கிறவன் என் கூலிக் கணக்கை நேராகவே திறந்து படித்துக்கொள்ளலாமே, பெருக்கலை ஏன் கெடுக்கிறான்? என் ரகசியப் பகுதியில் இருப்பது காற்று. அதைக் காப்பாற்றத்தான் வோல்டேஜுக்குப் பூட்டு. பிற்பாடு வந்த புதிய தலைமுறை லேப்டாப் சிப்புகளில் அந்த ரகசியப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். பூட்டு மட்டும் இப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது, சனிக்கிழமை ராத்திரி, கேட்காமல். பூட்டு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லியிருப்பேன்.

எனவே வோல்டேஜைக் குறைப்பது எப்படி என்பதை என்னால் இப்போது செய்து காட்ட முடியாது. வேறு வழி ஒன்று உண்டு. விண்டோஸின் பவர் ஆப்ஷனில் ‘மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்’ 100 என்று இருப்பதை 99 ஆக்கினால் டர்போ நின்றுவிடும். 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிற சிப் 1.6-இல் நிற்கும். சூடு எழுபதுக்குக் கீழே இறங்கிவிடும். ஒரு சதவீதம் என்று எழுதிவிட்டுப் பாதிக்கு மேல் பிடுங்கிக்கொள்கிற கணக்கை எங்கள் குடோனில் எழுதினால் என் வேலை போயிருக்கும். இருந்தாலும் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி ஃபைல் திறப்பதற்குள் முக்குக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அந்த டீயைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஊர் முழுக்க ஏலக்காய், டீயில் ஒரு காய் கிடையாது. நேற்று கேட்டேவிட்டேன்: “ஏம்ப்பா, இந்த ஊர்ல இருந்துக்கிட்டு ஒரு காயத் தட்டிப் போட மாட்டியா?”

“காய் என்னா வெல போகுதுன்னு கணக்கெழுதுற ஒங்களுக்குத் தெரியாதாண்ணே? இஞ்சி வேணா தட்டிப் போடவா?”

வேண்டாம் என்றேன். இஞ்சி சூடு.